வாப்பா கையில் கொடுத்தது

திருகோணமலை
7.7.1968
(வாப்பா கையில்)

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஊர் உறங்கின பிறகு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பகலில் அசனா என்னைப் பேனை தொட விடமாட்டாள். இப்பவும் ஒரு கையால் ஏணையை ஆட்டிக்கொண்டு மற்றக் கையால்தான் எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது ஏணையின் ஆட்டம். அவளுக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைக்கிறது, அதோடு மெல்லிய காய்ச்சல். என் வீட்டுக்காரர் சுகம். உங்கள் இருமல் விட்டதா? மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம்.

வாப்பாவின் வலது முழங்காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இருபத்திரண்டு வருஷமாகத் துறையடிப் பள்ளியில் முன்னுக்கு நின்று ஊரைத் தொழுவிக்கிற மனிதர், என் வீட்டில் அஸர் தொழுதபோது சுஜூதில் நெற்றி வைத்து எழும்புவதற்கு ஜன்னல் கம்பியைப் பிடித்தார். கம்பி கழன்று கையோடு வந்தது. "கறள் புடிச்சிரிக்கி மகள், மாப்புள்ளத் தம்பிக்கிட்டச் சொல்லி மாத்து" என்றார். கம்பியைப் பற்றி மட்டும்தான் கதைத்தார்.

நேற்று வற்புறுத்தி இங்கே ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி ஒரு பக்கம் இல்லவே இல்லை. கோர்ட்டிசோன் என்ற ஊசியை மூட்டுக்குள்ளேயே போட்டார். போட முதல், இதற்கு முன் எங்கேயாவது இந்த ஊசி போட்டதா என்று இங்கிலீஷில் கேட்டார். நான் இல்லையென்று சொன்னேன். வாப்பா தலையைக் குனிந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருந்தார்.

இன்றைக்குக் காலையில் ஒன்றையும் பிடிக்காமல் எழும்பினார் ராத்தா. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் டொக்டர் சொன்னதை நினைத்தால் உறக்கமில்லை. வருஷத்துக்கு மூன்று ஊசிதான், அதற்குமேல் போட்டால் மருந்தே மூட்டைத் தின்றுவிடுமாம். மற்ற வழி ஒப்பரேஷன். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் ஒன்றாகப் பொருத்திவிடுவார்கள். வலி போய்விடும், எவ்வளவு தூரமும் நடக்கலாம். ஆனால் கண்மூடி மௌத்தாகும் வரைக்கும் அந்தக் கால் மடங்காது. பாயில் இருக்க ஏலாது. சுஜூது செய்ய ஏலாது.

இதை வாப்பாவிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் மூத்தவர், அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர். ஊசியா ஒப்பரேஷனா என்று உங்கள் எண்ணத்தை எழுதுங்கள். தபால் சுற்றிவர மூன்று நாளாகும். வாப்பா எப்படியும் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் இங்கே வருகிறவர்தானே, பதிலை அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஸுல்பிகா


கிண்ணியா
19.7.1968
(வாப்பா கையில்)

அருமைத் தங்கச்சி ஸுல்பிகாவுக்கு றுக்கியா ராத்தா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எனக்கு இருமல், சின்னவனுக்குச் சொறி, உன் மச்சானுக்குக் கோபம். மற்றபடி அல்லாஹ் வைத்தபடி நல்லாக இருக்கிறோம். பிள்ளைக்கு எப்படி? உன் மாப்பிள்ளை தம்பி ஸெய்னுதீன் துறைமுகத்தில் இன்னும் அந்த இரவு வேலைதானா?

டவுணுக்குப் போய் மூன்று வருஷத்தில் உனக்கு எழுத்து மறந்துவிட்டது போல. வாப்பா வந்தார், பிஸ்கட் பெட்டி வந்தது, சின்னவனுக்குச் சட்டை வந்தது. உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கேட்டேன். "அவளுக்குப் புள்ளைட பாடு" என்றார். சரி, பிள்ளைப் பாடு எனக்கும் தெரியும், நாலு பெற்றவள் நான்.

உனக்கு எழுதாதே என்று வாப்பா சொன்ன ஒன்றை எழுதுகிறேன். நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. அவருக்கு முழங்காலில் நல்ல நோவு. ஜூன் மாதம் நம்முடைய கடைத்தெரு டொக்டரிடம் ஊசி போட்டோம். மூட்டுக்குள் போடுகிற ஊசி. இந்தச் செவ்வாய்க்கிழமை இன்னொன்று போட்டது. கட்டாயம் போடத்தான் வேணுமா என்று டொக்டர் இழுத்தார். வாப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. ஊரைத் தொழுவிக்கிற லெப்பைக்கு இல்லையென்று சொல்ல அந்த மனிதனுக்கும் வாயில்லை. இப்போது பள்ளிக் கிணற்றில் தானே தண்ணி அள்ளுகிறார்.

"ஸுல்பிகா பயந்தவள், பால் குடுக்கிறவள், அவளுக்கு ஏன்" என்று சொன்னதால்தான் இதுவரைக்கும் எழுதவில்லை. ஆனாலும் நீ படித்தவள். இந்த ஊசி நல்லதா கெட்டதா என்று அங்கே யாரிடமும் விசாரித்து எழுது. வாப்பாவிடமே கொடு.

உன் ராத்தா,
றுக்கியா


திருகோணமலை
18.8.1968
(வாப்பா கையில்)

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். எல்லாரும் சுகமாயிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அசனா இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாப்பா சுஜூதில் இருக்கும்போது முதுகில் ஏறுகிறாள், அவரும் அவள் இறங்கும் வரைக்கும் தலை தூக்காமல் இருக்கிறார். மனம் நிறைந்து பார்க்கவேண்டிய காட்சி. நானோ அவருடைய முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

போன மாதம் எழுதின கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. வாப்பா இரண்டு தரம் வந்து போய்விட்டார். "ராத்தா ஒண்டும் தரல்லையா" என்று கேட்டால், "வேலை மகள் அவளுக்கு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்குகிறார். எனக்குத் தெரியும் ராத்தா. உம்மா படுக்கையில் கிடந்த ஆறு மாதமும் நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். நீங்கள்தான் துடைத்தீர்கள், தூக்கினீர்கள். இப்போது வாப்பாவின் காலைப் பற்றி டவுணில் இருந்துகொண்டு நான் சட்டம் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களோ என்னவோ.

நேற்று இரண்டாவது ஊசி போட்டது. இனி ஒன்றுதான் மிச்சம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் ஊசி மூன்று மாதம் தாங்கும் என்று நம்பினார், அது தாங்கவில்லை என்பது அவருக்கு ஆச்சரியம். என் வீட்டுக்காரரோ பகிடியாக, "மாமாவை இப்பிடியே விட்டா ஆத்துல கிண்ணியாப் பாதைத் தோணியைத் தனிய இழுத்துக்கொண்டு போவார்" என்கிறார். நான் சிரிக்கவில்லை. ஊசி குத்தின இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பிளாஸ்டர் இருந்தது. என்ன என்று கேட்டேன். நுளம்பு கடித்ததைச் சொறிந்து புண்ணாகிவிட்டது என்றார் வாப்பா.

வேறொன்று. இரவில் தலைமாட்டில் தண்ணிச் செம்பு வைக்கச் சொல்கிறார். விடிவதற்குள் இரண்டு செம்பு முடிகிறது. அங்கேயும் அப்படியா?

கோபத்தில் என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்.

ஸுல்பிகா


கிண்ணியா
6.9.1968
(வாப்பா கையில்)

தங்கச்சி ஸுல்பிகாவுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

இத்தோடு மூன்றாவது கடிதம். நீ ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. நீளமாக எழுத எனக்கும் மனம் வரவில்லை.

வாப்பாவுக்கு நேற்று நாலாவது ஊசி போட்டது. முதலில் போட்டது ஒரு மாதம் தாங்கியது. இப்போது பத்து நாள். நோன்பு நவம்பர் கடைசியில் வருகிறது. முப்பது இரவும் தராவீஹ் தான்தான் தொழுவிக்க வேண்டும் என்று நிற்கிறார். "வேறொருத்தரக் கூப்பிடுவமா லெப்பை" என்று ஜமால்தீன் ஹாஜியார் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். அன்றைக்கு வாப்பா சோறு தின்னவில்லை. ஹாஜியார் பள்ளித் தலைவர், நல்லெண்ணத்தில்தான் கேட்டார். அதை இவரிடம் யார் சொல்வது?

இரவில் நாலு தரம் ஐந்து தரம் எழும்புகிறார். பானையில் தண்ணி நிற்பதில்லை.

உனக்கு இதிலே அக்கறை இல்லையென்றால் அப்படியே சொல்லிவிடு. உம்மாவைப் பார்த்தது போல இவரையும் நானே பார்த்துக்கொள்வேன்.

றுக்கியா


திருகோணமலை
2.10.1968
(தபாலில்)

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதல் முறையாக முத்திரை ஒட்டி எழுதுகிறேன். வாப்பா மூன்று கிழமையாக வரவில்லை. அவருக்கு என்னவோ என்று எனக்குச் சரியான பயம். அங்கிருந்து வந்த மீன்காரரிடம் கேட்டேன், லெப்பை சுகமாகத்தான் இருக்கிறார் என்றார். சுகமென்றால் ஏன் வரவில்லை? அசனா வாசலைப் பார்த்து "ப்பா, ப்பா" என்கிறாள்.

ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, செப்டெம்பரில் ஒன்று. நான் எழுதின மூன்று கடிதத்துக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. என்ன குற்றம் செய்திருந்தாலும் மன்னித்துவிடுங்கள். இது என்னையும் உங்களையும் பற்றிய விஷயமில்லை, வாப்பாவின் கால்.

திரும்பவும் சுருக்கமாக எழுதுகிறேன். இங்கே அவருக்கு ஜூலை ஆறாம் திகதியும் ஆகஸ்ட் பதினேழாம் திகதியும் மூட்டுக்குள் கோர்ட்டிசோன் ஊசி போட்டிருக்கிறது. மூன்றாவதை நோன்புக்குச் சற்று முன்னம் போடலாமென்று டொக்டரும் நானும் வைத்திருக்கிறோம். அதற்குமேல் ஒரு துளி போட ஏலாது. கொழும்பிலிருந்து மாதம் ஒருக்கால் இங்கே வருகிற எலும்பு டொக்டருக்குக் கடிதம் தந்திருக்கிறார். ஒப்பரேஷன் என்றால் கால் மடங்காது என்பதையும் முன்னமே எழுதியிருந்தேன்.

இந்தக் கடிதமாவது உங்கள் கைக்கு நேரே வரும். பதிலைத் தபாலில் போடுங்கள்.

ஸுல்பிகா


கிண்ணியா
5.10.1968
(தபாலில், பெரிய உறையில்)

என் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. முதலில் விஷயம்.

எந்த மூன்று கடிதம்? உன்னிடமிருந்து எனக்கு வந்தது இது ஒன்றுதான். நான் உனக்கு எழுதினதும் மூன்று. ஒன்றும் கிடைக்கவில்லையா?

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, சோறு அடிப்பிடித்துவிட்டது. பிறகு போய் வாப்பாவின் அலுமாரியைத் திறந்தேன். அவர் பள்ளியில் இருந்தார். கிதாபுகளுக்குப் பின்னால் பச்சைத் துணியில் ஒரு பொதி. உள்ளே ஆறு கடிதம். உன்னுடையது மூன்று, என்னுடையது மூன்று. ஒன்றும் பிரிக்கப்படவில்லை ஸுல்பிகா. ஒட்டின பசை ஒட்டினபடி, வந்த வரிசையில் அடுக்கி, நூல் கட்டி வைத்திருந்தார்.

வாப்பா வந்ததும் அவர் முன்னால் வைத்தேன். ஓடவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. "நான் பிரிக்கல்ல மகள்" என்றார். "மத்தவங்கட கடிதம் அமானிதம், நம்பித் தந்த பொருள். அதப் பிரிக்கிறது ஹறாம்."

"குடுக்காம வெச்சிரிந்ததும் அமானிதத்துல சேர்த்தியா வாப்பா?" என்று கேட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் ஊருக்குப் பத்வா சொன்னவர், அந்தப் பச்சைத் துணியை எடுத்து மடித்தார். பிறகு, "ரெண்டு பேரும் சேர்ந்திட்டா ஊசி நிண்டுரும். நோன்பு முடியட்டும் எண்டு பார்த்தன்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது இதைக் கேள். இங்கே ஜூனில் ஒன்று, ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, செப்டெம்பரில் இரண்டு. உன்னுடைய இரண்டையும் சேர்த்தால் நாலு மாதத்தில் ஏழு ஊசி. இங்கத்தை டொக்டருக்கு அங்கத்தையது தெரியாது, அங்கத்தையவருக்கு இங்கத்தையது தெரியாது. ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று. வாப்பா நடுவில் பாதையில் போய் வந்திருக்கிறார், நம்முடைய கடிதங்களையும் மடியில் வைத்துக்கொண்டு.

என்னுடைய மூன்றையும் இதோடு அனுப்புகிறேன். உன்னுடைய மூன்றையும் நான் வாசித்துவிட்டேன். உம்மாவைப் பற்றி நீ எழுதினதை வாசித்து அழுதேன். அப்படி நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. செப்டெம்பரில் கோபத்தில் ஒன்று எழுதியிருக்கிறேன், அதை வாசித்ததும் கிழித்துவிடு.

டொக்டரிடம் ஓடிப்போய்க் கேள். அந்தத் தண்ணித் தாகத்தையும் சொல்.

ராத்தா


திருகோணமலை
13.10.1968
(தபாலில்)

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அசனாவுக்கு வயிற்றோட்டம், இரண்டு நாள் ஆடிப்போனோம், இப்போது பரவாயில்லை. உங்கள் செப்டெம்பர்க் கடிதத்தைக் கிழிக்கவில்லை. என்னுடைய பெட்டியில் வைத்திருக்கிறேன். இத்தனை நாளும் நீங்கள் எனக்கு எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

புதன்கிழமை இவர் லீவு எடுத்துப் போய் வாப்பாவைக் கூட்டி வந்தார், உங்களுக்குத் தெரியும். டொக்டரிடம் ஏழு என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. சிறுநீரைச் சோதித்தார்கள், நிறையச் சீனி இருக்கிறது. முன்னமே கொஞ்சம் இருந்திருக்கும், இந்த ஊசி ஏற்றிவிட்டது என்றார். அதுதான் தாகம். சீனி உள்ள உடம்பில் இனி மூட்டுக்குள் ஊசி குத்தினால், கிருமி போய்ச் சீழ் பிடித்தால், காலையே எடுக்க வேண்டி வரலாம். நம் ஊர் டொக்டருக்கும் எழுதித் தந்திருக்கிறார், மச்சானிடம் கொடுத்து அவரிடம் சேர்ப்பியுங்கள்.

படத்தைத் திரும்ப எடுத்தார்கள். ஜூலையில் ஒரு பக்கம் இல்லாமலிருந்த இடைவெளி இப்போது இரண்டு பக்கமும் இல்லை. இந்த மாதம் எலும்பு டொக்டர் வந்து போய்விட்டார், அடுத்து நவம்பர் பதினாறாம் திகதிதான். அதுவரைக்கும் சீனிக்கு விழுங்கக் குளிசையும் ஊன்றி நடக்க ஒரு பொல்லும். பொல்லை வாப்பா எங்கள் வீட்டுக் கதவு மூலையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லவில்லை. ஆகஸ்டில் அந்த இரண்டாவது பிளாஸ்டரைக் கண்டதும் எனக்கு விளங்கியது. முழுக்க இல்லை. ஆனால் நுளம்பு கடிக்கு யாரும் பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டுவதில்லை என்ற அளவுக்கு விளங்கியது. கேட்டிருக்கலாம். அன்றைக்கு அவர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரை வரைக்கும் நடந்தார். அந்த நடை நின்றுபோகும் என்ற பயத்தில் நான் கேட்கவில்லை. ஜூலையில் டொக்டருக்கு "இல்லை" என்று பதில் சொன்னதும் நான்தான். வாப்பாவிடம் திரும்பி ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னேன். அவருக்குப் பொய் சொல்லும் வேலைகூட இல்லாமல் செய்துவிட்டேன்.

ஒப்பரேஷன் என்றால் மடங்காத கால் என்பதை இப்போது அவருக்கும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஏணைட முடிச்சு லேசா இரிக்கி மகள், இறுக்கிக் கட்டு" என்றார்.

நீங்கள் அவரோடு கதைத்துப் பாருங்கள். எழுதுங்கள்.

ஸுல்பிகா


கிண்ணியா
9.11.1968
(தபாலில்)

அருமைத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிந்தினதற்குக் கோபிக்காதே. பன்னிரண்டு நாள் விடாத மழை. ஆறு பெருகிப் பாதை ஓடவில்லை, தபாலும் போகவில்லை. எங்கள் வளவுக்குள் முழங்கால் அளவு தண்ணி. சின்னவனுக்கு அது பெருநாள். பிள்ளையின் வயிறு சரியாகிவிட்டதா?

வாப்பாவோடு கதைத்தேன். மச்சானும் கதைத்தார். கதிரையில் இருந்து தொழுதால் என்ன என்று கேட்டோம். இருந்து தொழுவிக்கிற இமாமுக்குப் பின்னால் நின்று தொழுவது கூடும் என்று கிதாபில் இருக்கிறது, அதை நமக்கெல்லாம் ஓதித் தந்ததே அவர்தான். மற்றவனுக்கு என்றால் கூடும், தனக்கு மட்டும் கூடாது. "ஊரே நிக்க நான் கதிரையில குந்திக்கிட்டு இரிக்கவா" என்கிறார். இங்கத்தை டொக்டர் இனி ஊசி இல்லை என்று கைகூப்பிவிட்டார். மூதூரில் ஒருவர் போடுவாராம் என்று வாப்பா யாரிடமோ விசாரித்திருக்கிறார். உன் மச்சான் கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

அதையெல்லாம் விடு. போன வெள்ளிக்கிழமை இரவு பள்ளியில் நடந்ததை எழுதுகிறேன். மச்சான் இரண்டாம் வரிசையில் நின்றவர், அவர் சொன்னது.

இஷாத் தொழுகையின் கடைசி ரக்அத். வாப்பா சுஜூதுக்குப் போனார். எல்லாரும் போனார்கள். எழும்புகிற தக்பீர், அந்த "அல்லாஹு அக்பர்", வரவில்லை. நேரம் போகிறது, மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. இமாம் தலை தூக்காமல் பின்னால் நிற்பவன் தூக்க ஏலாதுதானே. நூறு பேர் நெற்றியைப் பாயில் வைத்தபடி கிடந்திருக்கிறார்கள். கடைசியில் ஜமால்தீன் ஹாஜியார் இமாமுக்கு நினைவூட்ட மெல்ல "சுப்ஹானல்லாஹ்" என்று சொன்னார். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தக்பீர் வந்ததாம், ஒரு மாதிரிக் குரலில். அத்தஹிய்யாத்து ஓத இருந்தபோதும் காலை மடக்காமல் நீட்டிப்போட்டு இருந்திருக்கிறார்.

யாருக்கும் விளங்கவில்லை ஸுல்பிகா. வெளியே வந்து, "இண்டைக்கு லெப்பை என்ன உருக்கமாத் தொழுவிச்சார்" என்று கதைத்தார்களாம். ஒரு கிழவர் வாப்பாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம்.

வீட்டுக்கு வந்து ஈரச் சாரத்தைக்கூட மாற்றாமல் இருந்தார். நான் தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "அவங்க எல்லாரும் எனக்காகத் தலைய வெச்சிக்கிட்டுக் கிடந்தாங்க மகள். நான் அல்லாஹ்வ நினைக்கல்ல. காலத்தான் நினைச்சன்."

அதற்குப் பிறகு அந்தக் கதை எடுக்கவில்லை. அடுத்த நாள் விடியற்காலை ஸுப்ஹுக்கு ஹாஜியாரின் மகனை முன்னுக்கு விட்டாராம். தடிமன், மூக்கடைப்பு என்று சொல்லிக்கொண்டார்.

பதினைந்தாம் திகதி அவரை அனுப்புகிறேன். எலும்பு டொக்டர் என்ன சொன்னாலும் முழுக்க எழுது. நீ என்ன முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம் என்று எழுத நினைத்தேன். எழுத ஏலாமல் இருக்கிறது. மடங்காத காலோடு அவரைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போவது நான்தானே. எழுது, யோசிப்போம்.

ராத்தா


திருகோணமலை
17.11.1968
(வாப்பா கையில்)

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்றைக்கும் எல்லாரும் உறங்கிவிட்டார்கள், வாப்பாவைத் தவிர. அவர் எனக்கு எதிரே கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, நான் எழுதுவதைப் பார்த்தபடி இருக்கிறார். அசனா நேற்று இரண்டு அடி நடந்தாள், மூன்றாவதில் அவர் மேல் விழுந்தாள். உங்கள் வளவில் தண்ணி வற்றிவிட்டதா? மச்சானுக்கு ஸலாம்.

எலும்பு டொக்டர் நேற்றுப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள்.

ஊசி இனி இல்லை. யாராவது போட்டால் பத்து நாள் சுகம், பிறகு மூட்டு உள்ளுக்குள் நொறுங்கும், சீழ் பிடிக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் நோவு கூடும், படுக்கையில் போடும். ஒப்பரேஷன் என்றால் டிசம்பர் மூன்றாம் திகதி கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் இருக்கிறது. அதை விட்டால் ஏப்ரல்தான், அதுவரைக்கும் எலும்பு பொருத்துகிற நிலையில் இருக்குமோ என்று அவருக்கே சந்தேகம். சீனி குறைந்திருக்கிறது, ஆனால் ஆபத்தே இல்லையென்று அவர் சொல்லவில்லை. மூன்று மாதம் மாவுக்கட்டு. டிசம்பர் மூன்று என்றால் நோன்பு பதினொன்றோ பன்னிரண்டோ. தராவீஹ் இல்லை, பெருநாள் தொழுகையும் இல்லை.

வாப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், நான் இங்கிலீஷில் சொன்னேன். அந்தக் காலோடு எவ்வளவு நேரம் நிற்கலாம்? டொக்டர் சிரித்தார், "நாள் முழுக்க" என்றார். வாப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சுவரோரமாக நின்று, வலது காலை மடக்காமல் குனிந்து பார்த்தார். றுகூஉவுக்குக் குனிய வருகிறது. அதற்குக் கீழே போகவில்லை. மூன்று தரம் செய்து பார்த்தார். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

எனக்கு இன்னும் தெரியவில்லை ராத்தா. கட்டிலில் அவருக்கு ஏதாவது நடந்தால், அந்தத் தாளில் கையெழுத்து வைத்த கை என்னுடையதாக இருக்கும். வைக்காமல் விட்டு, மூதூருக்குப் போய் ஊசி போட்டு ஏதாவது நடந்தாலும் அதுவும் என்னுடையதுதான். உங்களிடம் முடிவு கேட்டு எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். தபாலில் போடப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"தபாலுக்கு வேணாம் மகள். எனக்கிட்டத் தா" என்றார்.

நான் எழுதின தாளை என் பக்கம் இழுத்து வைத்தேன். அவருக்கும் விளங்கியது. "ஒட்டாமத் தா. நான் வாசிக்கிறன்" என்றார்.

மற்றவர்களுடைய கடிதத்தை ஒரு நாளும் பிரிக்காத மனிதர் ராத்தா. நான் எழுதுகிற ஒவ்வொரு தாளையும் முடிந்ததும் அவர் பக்கமாகத் தள்ளி வைக்கிறேன். இன்னும் தொடவில்லை. நாளைக்குப் பாதையில் வைத்து வாசிப்பாராம். ஆற்றைக் கடக்கிற நேரம் தனக்குப் போதுமாம். "கரையில இறங்கி ராத்தாட கையில இதக் குடுத்தனெண்டா, நான் கொழும்புக்குப் போறன் எண்டு அர்த்தம்" என்றார். குடுக்காட்டி என்று தொடங்கினார், முடிக்கவில்லை.

ஆகவே இது உங்கள் கைக்கு வந்திருந்தால், அவர் முடிவு எடுத்துவிட்டார். நீங்கள் அவரிடம் ஒன்றும் கேட்கவேண்டாம், சோறு போட்டுக் கொடுங்கள். டிசம்பர் முதலாம் திகதி இரவு ரெயிலுக்கு நாங்கள் ஆயத்தமாக இருப்போம். நீங்களும் வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

எனக்குள்ள பயம் இதுதான். வானம் திரும்பவும் கறுத்துக்கொண்டு வருகிறது. உங்கள் பதில் வராமல் நாலு நாள் போனால், பாதை நின்றுபோனதா, வாப்பா நின்றுபோனாரா என்று இங்கிருந்து எனக்குத் தெரியப்போவதில்லை. கட்டிலுக்கு இருபத்தைந்தாம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வேறொன்றும் எழுதவேண்டாம். கிடைத்தது என்று ஒரு வரி போதும். தபாலில் போடுங்கள். கெதியாகப் போடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஸுல்பிகா